நாய் காலையில் கத்திய மாதிரி

மலேசியாவின் ஈப்போவில் ஒரு நாய் டாக்டர் கிளினிக். எனக்கு முன்னால் ஒரு கணவனும் மனைவியும். கணவன் மடியில் நோயாளி நாய். மனைவி கேட்டாள்:

“டாக்டர் இங்கிலீஷ்லதான் கேப்பாங்க. வைன் பண்ணுச்சா, கிரவுல் பண்ணுச்சான்னு. என்ன சொல்லப் போறீங்க?”

“எது அழுவுறது, எது உறுமுறது?”

“தெரியாதுலா. போன தடவ எல்லாத்துக்கும் யெஸ்னீங்க, கடிக்கிற நாய்னு வாயக் கட்டிட்டாங்க. இப்பவும் தப்பா சொன்னா மருந்து மாறிடும். பேசாம காலையில இவன் கத்துன மாதிரியே கத்திக் காட்டுங்க.”

“வருமா?”

“இப்பவே கத்திப் பாருங்க.”

அவர் கத்தினார். வரிசையில் இருந்த நாய்களெல்லாம் சேர்ந்துகொண்டன. டாக்டரே கதவைத் திறந்து ஓடி வந்தார்.

“விச் டாக்?”

மனைவி கணவனைக் காட்டினாள். “இவருதான்.”

மூவரையும் உடனே உள்ளே கூட்டிப் போனார். எனக்கு வைனும் தெரியும், கிரவுலும் தெரியும். பூனையோடு இன்னும் வரிசையில்தான் நிற்கிறேன்.