முட்டிச் சத்தம்

மரக்காணத்தில் எந்தச் சைக்கிளாக இருந்தாலும் கொஞ்சம் முனகத்தான் செய்யும், டாக்டர். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் உப்பளம். நடுவில் மாட்டிய இரும்பு என்ன பாடுபடும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள். அதை எங்கள் ஊரில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. என் வீட்டுக்காரர் எடுத்துக்கொண்டார்.

நாளைக் காலை அவருக்கு முட்டியில் ஆபரேஷன். அதற்கு முன்னால் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "வீட்ல அவருக்கு வலி எப்படிம்மா இருக்குது?" என்று கேட்டீர்கள். பதில் சொல்ல வேண்டுமானால் நான் சமையலறையிலிருந்து தொடங்க வேண்டும்.

அவருக்கு ஷார்ஜாவில் ஒரு கம்பெனியில் மெஷின்களைச் சோதித்துக் குறை கண்டுபிடிக்கும் வேலை. கல்யாணமான புதிதில் போனவர், தலை நரைத்த பிறகுதான் திரும்பினார். இடையில் லீவில் வருவார், விருந்தாளி மாதிரி வைத்ததைச் சாப்பிடுவார், போய்விடுவார். தங்கமான மனிதர். வீடு கட்டியது, மகளுக்குக் கல்யாணம் பேசி முடித்தது, கிணற்றில் உப்புத் தண்ணீர் ஏறியபோது போர் போட்டது எல்லாம் நான்தான். அவர் சம்பாதித்தார், நான் நடத்தினேன். இரண்டு பேருக்கும் ஒரு குறையும் இல்லை.

ஒரேயடியாக ஊருக்கு வந்த பிறகுதான் அவர் என் சமையலறையைப் பார்த்தார். கரண்டிகளை உயர வரிசையில் மாட்டினார். சோறு ஏன் தினமும் ஒரே நேரத்தில் வேகவில்லை என்று விசாரித்தார். நான் மீன் கழுவும்போது பின்னால் நின்று, "தண்ணி எவ்ளோ வேஸ்ட் ஆவுது பாரு" என்பார். கடைசியில் டப்பாக்களையெல்லாம் அகர வரிசையில் அடுக்கிவிட்டார். பார்க்காமல் கையை நீட்டினால் உப்பு வரும் இடத்தில் அன்று ஆப்பசோடா வந்தது. புளி ஊற்றிய வஞ்சிரக் குழம்பு நுரைத்துப் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது.

"சிஸ்டம் பழகணும் ஆரிஃபா. போகப் போக சரியாயிடும்" என்றார்.

குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அவ்வளவு பெரிய வீட்டில் என்னுடையது என்று இருந்தது அந்த ஒரு சமையலறைதான். அதுவும் போய்விட்டது.

அப்போதுதான் உடம்புக்கு நல்லது என்று மருமகன் சொல்லி, கியர் வைத்த சைக்கிள் ஒன்று வாங்கினார். விடியற்காலை பஜ்ர் தொழுதுவிட்டு ஈசிஆரில் உப்பளத்தை ஒட்டியே போய், நாஷ்டா நேரத்துக்குத் திரும்பிவிடுவார். ஒருநாள் மிதிக்கு ஒரு 'டிக்' என்று சத்தம் போட்டுக்கொண்டே திரும்பினார். அன்று சமையலறைப் பக்கமே வரவில்லை. போர்ட்டிகோவில் பேப்பரை விரித்து, பெடல், செயின் எல்லாவற்றையும் கழற்றிப் போட்டுக்கொண்டு பொழுது சாயும்வரை உட்கார்ந்திருந்தார். நான் நிம்மதியாகக் கத்தரிக்காய் வதக்கினேன். வாய்விட்டுப் பாடினேன் என்றுகூட நினைக்கிறேன்.

சத்தம் எங்கே இருக்கிறது என்று எனக்குச் சீக்கிரமே தெரிந்துவிட்டது. எங்கள் வீட்டு வாசலில் ஒரு ஸ்பீடு பிரேக்கர் உண்டு. அதில் ஏறும்போது சீட்டிலிருந்து எழுந்து மிதிப்பார், சத்தம் நின்றுவிடும். உட்கார்ந்தால் மறுபடியும் டிக். வெள்ளிக்கிழமை அவர் ஜும்ஆ தொழுகைக்குப் போயிருந்தபோது சீட்டைத் தாங்கும் குழாயை உருவிப் பார்த்தேன். ஈரமாக உப்பும் மண்ணும் அப்பியிருந்தது. துடைத்து, தேங்காயெண்ணெய் தடவி, உயரத்துக்கு அடையாளமாக அவரே நெயில் பாலிஷால் போட்டிருந்த கோடுவரைக்கும் இறக்கிவிட்டேன். நல்ல எண்ணத்தோடுதான் செய்தேன். அதை நீங்கள் நம்ப வேண்டும்.

மறுநாள் சத்தமே இல்லை. "பாத்தியா, செயின்தான்னு சொன்னேன்ல" என்றபடி நேராக உள்ளே வந்து ஃப்ரிட்ஜைத் திறந்தார். "இது ஏன் மேல் தட்டுல இருக்குது?"

அடுத்த வெள்ளிக்கிழமை அந்தக் குழாயில் நானே கொஞ்சம் உப்புப் போட்டேன். பாக்கெட்டில் வரும் தூள் உப்பு சரிப்படவில்லை. நம்மூர்க் கல் உப்பை ஒன்றிரண்டாக இடித்துப் போட்டால்தான் நின்று பேசுகிறது. ஊர்ப் பெருமைக்காகச் சொல்லவில்லை.

அவரும் சந்தோஷமாகத்தான் இருந்தார், டாக்டர். சத்தத்தை ஃபோனில் பதிவு செய்து ஷார்ஜா நண்பர்களுக்கு அனுப்பினார். ஆளுக்கொரு பாகத்தைச் சொன்னார்கள்; ஒவ்வொன்றாக மாற்றினார். பஸ் ஸ்டாண்டு பக்கம் சைக்கிள் கடை வைத்திருக்கும் சிலம்பரசன் வந்து பேரிங்கைப் புதிதாகப் போட்டான். சத்தம் போகவில்லை.

"டூப்ளிகேட்டப் போட்டு ஏமாத்திட்டியேப்பா."

"எம் புள்ளைங்க மேல சத்தியமா ஒரிஜினல் பாய். நீங்களே பிரிச்சுப் பாருங்க."

தெருவே வேடிக்கை பார்த்தது. சிலம்பரசன் கண் கலங்கிப் போனான். அதன்பிறகு எங்கள் தெருப் பக்கம் வருவதில்லை. எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. ரம்ஜானுக்கு அவன் வீட்டுக்குப் பிரியாணி கொஞ்சம் தாராளமாகவே அனுப்பினேன்.

வெறுத்துப்போய் சைக்கிளைப் பொம்மையார்பாளையத்தில் ஒருவருக்குப் பாதி விலைக்கு விற்றார். கொடுப்பதற்கு முந்தின நாள் நான் குழாயைச் சுத்தமாகத் துடைத்து எண்ணெய் போட்டு வைத்தேன். பழுதான பொருளை ஒருவர் தலையில் கட்டுவது ஹராம் அல்லவா? வாங்கியவர் ஃபோன் செய்து, வண்டி பூ மாதிரி போகிறது என்று சொன்னார். இவர் அன்று ராத்திரி சாப்பிடவில்லை.

புதுச் சைக்கிள் வந்தது. சத்தம் இல்லாமல் இருந்த நாட்களில் அவர் என் அம்மியை இடம் மாற்றினார். புதுச் சைக்கிளும் சத்தம் போட ஆரம்பித்தது.

இந்தத் தடவை அவர் எதையும் கழற்றவில்லை. போர்ட்டிகோவில் கையைக் கட்டிக்கொண்டு நின்று யோசித்தார். "சைக்கிள மாத்திட்டேன், சத்தம் போவல. பழச அந்த ஆளு ஓட்டறாரு, சத்தமே இல்ல. அப்ப ரெண்டுக்கும் பொது எது ஆரிஃபா? நான்தான்." பிறகு காலை மடக்கி முட்டியை என் காதுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார். "கேக்குதா?"

கேட்டது. அந்த வயதில் யார் முட்டியில்தான் கேட்காது? "கேக்குதுங்க" என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லை.

நீங்கள் முதல் தடவையே, வலி இல்லையென்றால் சத்தத்தை விட்டுவிடுங்கள் என்று சொல்லி அனுப்பினீர்கள். பஸ்ஸில் திரும்பும்போது, "வலிக்குதுன்னு சொன்னாதான் செய்வாங்க போலக்குது" என்றார். அடுத்த தடவை நொண்டிக்கொண்டே உங்கள் அறைக்குள் வந்தார். நன்றாகவே நொண்டினார். நான் கையைப் பிடித்துக் கூட்டிவந்தேன். அப்போதே உங்களிடம் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் எக்ஸ்ரே, ஸ்கேன், ரத்தப் பரிசோதனை என்று அவர் பாதி நாள் பாண்டிச்சேரியிலேயே இருந்தார். நான் டப்பாக்களைப் பழைய இடத்தில் வைத்துச் சமைத்துவிட்டு, அவர் வருவதற்குள் மறுபடி அகர வரிசைக்கு மாற்றிவிடுவேன்.

இன்று மத்தியானம் நர்ஸம்மா வந்து, ஆபரேஷனுக்கு அப்புறம் ஒன்றரை மாதம் சைக்கிளைத் தொடக்கூடாது, வெளியே போகக்கூடாது, வீட்டிலேயே ஓய்வு என்று சொன்னார். அவர் முகம் மலர்ந்து என் பக்கம் திரும்பினார். "கட்டில ஹால்ல, சமையல்கட்டுக்கு நேரா போட்டுடு ஆரிஃபா. படுத்துக்கினே எல்லாத்தையும் பாத்துப் பாத்துச் சொல்லிக்கினு இருப்பேன்."

அந்த நிமிஷத்திலிருந்து என் மனசாட்சி உறுத்துகிறது, டாக்டர். நல்ல முட்டியைக் கிழிப்பது எவ்வளவு பெரிய பாவம். கட்டிய மனைவி அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கலாமா?

அவருக்கு வலி கிடையாது. குறட்டை விட்டுத் தூங்குகிறார், மாடிப்படியை இரண்டிரண்டாக ஏறுகிறார். ஆபரேஷனை நிறுத்திவிடுங்கள். முட்டியில் ஒன்றுமில்லை, சத்தம் சைக்கிளில்தான் என்று நீங்களே அவரிடம் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் நம்புவார். சைக்கிளில் எந்த இடம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.