ஒரு விளிம்பு மட்டும்

– மூணு மணி நேரமா ஒரு ஊசிப் பெட்டியைக் குடைய முடியலையாடி உன்னால?

– நான் எங்கக்கா குடையறேன்? பெட்டியைத் திரையில வரைஞ்சாச்சு, உள்ளே குடையறது கம்ப்யூட்டர்தான். அது முடியாதுங்குது.

– என்னவாம் அதுக்கு?

– எல்லா விளிம்பையும் நாலு மில்லிமீட்டர் வளைச்சிருக்கேன். சுவர் ரெண்டு மில்லிமீட்டர். குடைஞ்சா உள்பக்க வளைவு நாலுல ரெண்டு போக ரெண்டு. அழகா வரும். ஆனா நீ கேட்ட அந்த ஒரு விளிம்பு இருக்கே, அது வெறும் ஒண்ணு. ஒண்ணுல ரெண்டு எப்படிப் போகும்? அங்க வந்து முழிக்குது.

– அதை விட்டுட்டு மத்ததை மட்டும் குடையச் சொல்லேன்.

– துணியா இது, பாதியில நிறுத்திட்டு டீ குடிச்சுட்டு வர? ஒரே பெட்டி, ஒரே தடவைதான் குடையும். அக்கா, பேசாம அதையும் நாலாக்கிடறேனே. ஒரு நிமிஷ வேலை. அதோ, எங்க ஆபீஸ் 3D பிரிண்டர் இன்னிக்குத்தான் சும்மா இருக்கு. நாளைக்கு சர்வீஸுக்குப் போனா எப்போ வரும்னு தெரியாது.

– ஆக்காதே. அது கூர்மையாத்தான் இருக்கணும்.

– எதுக்கு?

– அந்தப் பக்கம் சன்ன ஊசி, பட்டுத் துணிக்கு. மறுபக்கம் தடி ஊசி, ஜீன்ஸுக்கு. மாறிப்போச்சுன்னா துணி பாழ்.

– அவ்வளவுதானே? சிவப்பு, நீலம்னு ரெண்டு கலர்ல அடிச்சுத் தரேன். தூரத்துலேர்ந்தே தெரியும்.

– கலர் வேணாம்.

– உனக்கா வேணாம்? தையல் கடையில நூல்கண்டு ஒண்ணைக் கலர் வரிசை மாத்தி வெச்சதுக்கு ரெண்டு நாள் என்கூடப் பேசாதவ நீ.

– அது அப்போ. முதல்ல குடைஞ்சுட்டு அப்புறம் விளிம்பை வளைச்சா என்ன?

– அதையும் பண்ணினேன். மறுபேச்சு இல்லாம ஒத்துக்கிச்சு. என்னடா இவ்வளவு சமத்தா இருக்கேன்னு குறுக்கே வெட்டிப் பார்த்தா... இந்தா, திரையைப் பாரு.

– நீயே சொல்லு.

– உள்ள மூலை மூலையாவே நிக்குது, வெளியே மட்டும் சீவிட்டுப் போயிடுச்சு. மூணு விளிம்பு சேர்ற இடத்துல சுவர் அரை மில்லிமீட்டர். ஒரு தடவை கீழே விழுந்தா போதும், ஊசியெல்லாம் தரையில.

– ஐயோ, தரையில கொட்டக் கூடாது. காலர் முனையில தையலை ஒட்டிக் கத்தரிச்சாலும் இப்படித்தான். திருப்பினதும் பிஞ்சு வரும். போன வாரம் ஒரு சட்டை அப்படித்தான் பிஞ்சுது.

– யாரு கத்தரிச்சா? உன்கிட்ட வேலை செய்யற பொண்ணா?

– நான்தான்.

– நீயா? நம்பவே மாட்டேன். சரி, இரு, இரு. நீ டீன்னு சொன்னதும்...

– நீதான் டீன்னு சொன்னே.

– யாரோ ஒருத்தி சொன்னா. பாதியில நிறுத்தலாம்க்கா. மத்த விளிம்பையெல்லாம் முதல்ல வளைச்சிடறேன். உன்னோடதைத் தொடாம, வெட்டினபடியே விட்டுக் குடையறேன். எல்லாம் முடிஞ்ச பிறகு அதை மட்டும் வெளியே ஒரு மில்லிமீட்டர் மழுக்கறேன். அவ்வளவு கொஞ்சமா சீவினா சுவர் மெலியாது.

– வந்துச்சா?

– பேசவிடு... வந்துடுச்சு! வெட்டியும் பார்த்துட்டேன். எங்கயும் ரெண்டுக்குக் குறையலை.

– கையில எடுத்தா அந்த விளிம்பு தெரியுமா?

– கட்டை விரல் பட்டாலே தெரியும். கையைக் கிழிக்காது.

– அப்போ அனுப்பு பிரிண்டருக்கு.

– அனுப்பறேன். அதுக்கு முன்னாடி ஒண்ணு. மூணு மாசமா ஊசியில நூல் கோர்க்க என்னைத்தான் கூப்பிடறே. சோம்பேறின்னு நானும் கிண்டல் பண்ணிட்டிருந்தேன். கண் டாக்டரைப் பார்த்துட்டு வந்தியே, புதுக் கண்ணாடி எங்கே?

– முதல்ல அனுப்புடி.

– அனுப்பியாச்சு. மெஷின் ஓடுற சத்தம் கேக்குதுல்ல? இப்போ சொல்லு.

– கண்ணாடி எழுதலை. இனிமே தொட்டுப் பழகிக்கச் சொல்லிட்டாரு.