விற்பவர் பெயரைக் கேட்கக் கூடாது

தரகரம்மா: ...ஒருத்தரும் வாங்க மாட்டேங்கிறாங்க சார். திரை முழுக்கச் சிவப்பு. இங்க கத்துற கத்துல காதே அடைச்சுப் போச்சு.

குடைக்காரர்: எனக்கும் கேக்குது. நடுவுல யாரோ அழுற சத்தம் வருதே?

தரகரம்மா: புதுசா சேர்ந்த பொண்ணு. அவளுக்கு இதுதான் முதல் சந்தைச் சரிவு...

குடைக்காரர்: முதல்ல அவளுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுங்க. நான் லைன்லயே இருக்கேன்.

தரகரம்மா: இந்த நேரத்துல டீயா! உங்களை என்னதான்... சரி, ஆள் அனுப்பிட்டேன். விஷயத்துக்கு வரட்டுமா?

குடைக்காரர்: வாங்க.

தரகரம்மா: கடன் பத்திரம் ஒண்ணு விலைக்கு வந்திருக்கு. குடிநீர் வாரியம் வெளியிட்டது. முதிர இன்னும் பதினாலு வருஷம். மொத்தமா ஒரே கட்டு.

குடைக்காரர்: குடிநீர் வாரியமா? ஒரே கட்டா?

தரகரம்மா: ஆமா சார்.

குடைக்காரர்: சரிம்மா. சொல்லுங்க.

தரகரம்மா: விக்கிறவங்க யாருன்னு...

குடைக்காரர்: நான் கேக்கவே இல்லையே.

தரகரம்மா: கேட்டாலும் சொல்லக் கூடாது. நீங்க நடத்துற மாதிரி, ஊரார் பணத்தை வாங்கிக் கடன் பத்திரத்துல போடற ஒரு நிதி, அவ்வளவுதான். பணம் போட்டவங்க எல்லாம் திருப்பிக் கொடுன்னு வாசல்ல நிக்கிறாங்க. நாலு மணிக்குள்ள இது விக்கலேன்னா நிதியையே பூட்டிடுவாங்க. போட்டவங்கள்ல முக்காவாசிப் பேர் ஓய்வு வாங்கினவங்க சார். மாசாமாசம் அதை எடுத்துத்தான் மருந்து வாங்கணும்.

குடைக்காரர்: இப்ப மணி மூணு பத்து.

தரகரம்மா: மூணேகால். உங்க கடிகாரம் என்னைக்குச் சரியா ஓடிச்சு?

குடைக்காரர்: அதுவும் என்னை மாதிரிதான், மெதுவா வரும். வேற யாராவது விலை சொன்னாங்களா?

தரகரம்மா: ஒரே ஒருத்தர். நூறு ரூபாய்ப் பத்திரத்துக்கு எண்பத்திரண்டு. அதையும் சிரிச்சுக்கிட்டே சொன்னார். அதான் சார் வயிறு எரியுது.

குடைக்காரர்: வாரியம் வட்டி ஒழுங்காக் கொடுக்குதா?

தரகரம்மா: ஒரு தவணை கூடத் தவறல.

குடைக்காரர்: தவறாது. வேலை போனவன் சினிமாவை நிறுத்துவான், புதுச்சட்டையை நிறுத்துவான். குழாயை மூடிட்டு உட்காருவானா?

தரகரம்மா: இதுக்குத்தான் உங்களைக் கூப்பிடறது. மூணு வருஷமா ஊரே கண்டதையும் வாங்கிக் கூத்தடிச்சப்ப நீங்க மட்டும் பணத்தைக் கையில வச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தீங்க. கூரைக்குள்ளயும் குடை பிடிக்கிற ஆளுன்னு ‘குடைக்காரர்’னே பேர் வச்சாங்க...

குடைக்காரர்: வச்சாங்களா? வச்சதே நீங்கன்னு கேள்வி.

தரகரம்மா: ஐயையோ, எவன் போட்டுக் கொடுத்தது? ...சரி, நான்தான். மன்னிச்சுக்கோங்க.

குடைக்காரர்: எதுக்கு மன்னிப்பு? என் சம்சாரத்துக்கு அந்தப் பேர் ரொம்பப் பிடிச்சுப் போச்சு. வீட்டுல இப்ப அதுதான்.

தரகரம்மா: சிரிப்பை விடுங்க சார். இதுக்கு முன்னாடி ரெண்டு பெரிய சரிவு பார்த்தீங்க. ஒரு நாள் கூட உங்க வாசல் சாத்தல. இந்தச் சந்தைச் சக்கரம் எப்பத் திரும்பும்னு உங்களுக்கு மட்டும் எப்படித் தெரியுது?

குடைக்காரர்: சத்தியமாத் தெரியாது. நான் கத்தரிக்கோலோட வேலைக்குச் சேர்ந்தவன்மா. அப்பல்லாம் பத்திரத்து ஓரத்துல இருக்கிற வட்டிச் சீட்டை வெட்டிக் கொடுத்தாத்தான் பணம். நாள் பூரா வெட்டுவேன். வெட்டும்போது பொழுது போகாம அதுல இருக்கிற பொடி எழுத்தையெல்லாம் படிப்பேன். யார் கடன் வாங்குறாங்க, எதுக்கு, எப்படித் திருப்பிக் கொடுப்பாங்கன்னு. முப்பத்தி நாலு வருஷமா அதுதான் என் வேலை.

தரகரம்மா: அவ்வளவுதானா?

குடைக்காரர்: அவ்வளவுதான். சக்கரம் தானாச் சுத்தல, மனுஷங்கதான் தள்ளுறோம். நல்ல காலத்துல எவனுக்கு வேணா கடன் கொடுக்கலாம்னு தோணும். கெட்ட காலத்துல எவனுக்குமே கூடாதுன்னு தோணும். ரெண்டு நேரத்துலயும் கேக்குற ஆள் முகத்தை யாரும் பார்க்கிறதில்ல. அதைப் பார்க்கிற பொறுமையைக் கொடுன்னுதான் தினமும் காலையில கடவுள்கிட்ட கேக்குறேன். ...மணி என்ன?

தரகரம்மா: மூணு இருபத்தஞ்சு.

குடைக்காரர்: தொண்ணூறு.

தரகரம்மா: சார்... நான் எண்பத்திரண்டுன்னு சொன்னது காதுல விழுந்துச்சா? வாய் தவறியிருந்தா இப்பவே திருத்திக்கலாம்.

குடைக்காரர்: விழுந்துச்சு. நான் போட்ட கணக்குல அதோட மதிப்பு தொண்ணூத்தி ஒண்ணு. தொண்ணூறுக்கு வாங்கினாலும் என்கிட்ட பணம் போட்டவங்களுக்கு லாபம்தான். ஊரார் பணத்துல நான் தர்மம் பண்ண மாட்டேன்.

தரகரம்மா: கொஞ்சம் பொறுத்தா இன்னும் மலிவாக் கிடைச்சிருக்குமேன்னு உங்க மேலிடம் கேட்டா?

குடைக்காரர்: இன்னைக்கு இது எண்பத்திரண்டுக்குப் போனா, சாயங்காலம் இந்த மாதிரிப் பத்திரம் வச்சிருக்கிற எல்லாரும் கணக்குல அதே விலைதான் எழுதணும். என்கிட்ட இருக்கிறதுக்கும் அதே கதி. நாளைக்கு என் வாசல்லயும் கூட்டம் நிக்கும். மேலிடத்துக்கு இதை எழுதியே கொடுத்துடறேன். மொத்தக் கட்டும் தொண்ணூறு. முடிச்சுக்குங்க.

தரகரம்மா: முடிஞ்சது சார்! ஒரு நிமிஷம்... அடுத்த லைன்ல விக்கிறவர்கிட்ட சொல்லிட்டு வந்துடறேன்.

குடைக்காரர்: மெதுவா வாங்க.

தரகரம்மா: ...சார். சொல்லிட்டேன்.

குடைக்காரர்: என்ன சொன்னார்?

தரகரம்மா: விலையை ரெண்டு தடவை திரும்பச் சொல்லச் சொன்னார். அப்புறம், வாங்கினது யாருன்னு கேட்டார்.

குடைக்காரர்: சொல்லிடாதீங்க.

தரகரம்மா: சொல்ல மாட்டேன். விதி இருக்கே.

குடைக்காரர்: விதிக்காகச் சொல்லல. தெரிஞ்சா மனுஷன் வீட்டுல போய் நிம்மதியா ஒரு வாய் சாப்பிட மாட்டார்.

தரகரம்மா: சார்... யாருன்னு உங்களுக்கு...

குடைக்காரர்: அந்தப் பத்திரம் வந்தப்ப மொத்தத்தையும் ஒரே நிதிதான் வாங்கிச்சு. அப்ப அங்க வேலை பார்த்த நான்தான் கையெழுத்துப் போட்டேன். அந்த ஆபீஸ்ல நான் கடைசியா வாங்கினது அது. ‘இந்தப் பயந்தாங்கொள்ளி இருந்தா நாம வளரவே மாட்டோம்’னு மேலிடத்துக்கு எழுதிப் போட்டு, அடுத்த வாரமே என் நாற்காலியில உட்கார்ந்தவர்தானே இப்ப விக்கிறார்?

தரகரம்மா: பேச்செல்லாம் பதிவாகுது சார்.

குடைக்காரர்: ஆகட்டும். சொன்னது நான்தானே. நீங்க ஆமான்னும் சொல்ல வேண்டாம், இல்லைன்னும் சொல்ல வேண்டாம்.

தரகரம்மா: இல்ல சார், என்னுதும் பதிவாகட்டும். ‘யார்கிட்ட வேணா கேளுங்க, குடைக்காரர்கிட்ட மட்டும் வேண்டாம்... எந்த முகத்தை வச்சுக்கிட்டுக் கேக்கிறது’ன்னு காலையிலேயே சொல்லிட்டார். மூணு மணி வரைக்கும் அவர் சொன்னபடிதான் நடந்தேன். அதுக்கு மேல மனசு கேக்கல... அவர் பேச்சை மீறித்தான் சார் உங்களைக் கூப்பிட்டேன்.