மலைக்கு வைத்தியம்

இந்த ஸ்டேஷன் டீயில் இஞ்சி கொஞ்சம் தூக்கல். எனக்கு அப்படித்தான் பிடிக்கும். நீங்கள் மராட்டியில் கேட்டதற்குத் தமிழில் எழுதித் தருகிறேன். போபோடியில் இருபது வருஷம் இருந்தும் மனசில் உள்ளதை எழுதத் தமிழ்தான் வருகிறது. மொழிபெயர்க்க ஆள் வைத்துக்கொள்ளுங்கள்.

தளேகாவுக்கு மேற்கே உள்ள மலையில் 1994 முதல் மரங்களுக்கு வைத்தியம் பார்த்தேன். அழுகல் நோய். காடு தேற மாநில அரசு மானியம் கொடுத்தது. நோய் இருக்கும்வரைதான் மானியம். கூட இருந்தவன் வாசுதேவன், கோயம்புத்தூர்க்காரன், மரநோய் படித்தவன். ஒன்பது வருஷம் என் வீட்டில் சாப்பிட்டான். தங்கமான பிள்ளை.

நோய்ப்பட்ட கிளையை வெட்டிய கோடாலியை ஃபினாயில் தண்ணீரில் முக்கிய பிறகே அடுத்த மரத்தைத் தொட வேண்டும். எங்கள் தொழிலில் அதுதான் முதல் பாடம். 2001இல் மலை தேறத் தொடங்கியது. நான் முக்குவதை நிறுத்தினேன். அழுகலை வெட்டிய கையோடு நல்ல மரத்தில் ஒரு கீறல், அவ்வளவுதான். வைத்தியன் இல்லாமல் மலை என்ன செய்யும்? இரண்டு வருஷத்தில் நானூறு மரங்கள் நோயில் விழுந்தன. அத்தனைக்கும் நானே மருந்து பூசினேன். வேலியே பயிரை மேய்ந்தது என்பீர்கள். சொல்லிக்கொள்ளுங்கள்.

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் வாசுதேவன் என் ஃபினாயில் வாளியை எட்டிப் பார்த்தான். காலையிலிருந்து முப்பது மரம் பார்த்திருக்கிறேன். தண்ணீரில் ஒரு தூசு இல்லை. அவனுக்குப் புரிந்துவிட்டது.

"வேணும்னேதான் பண்ணியிருக்கீங்கண்ணா. நாளைக்கு வன ஆபீசுல எழுதிக் குடுத்துருவேனுங்க," என்றான். கண் கலங்கியிருந்தது.

வாளியை எடுக்கக் குனிந்தான். கோடாலியால் பின்கழுத்தில் வெட்டினேன். சரியாக விழவில்லை. தடுக்கக் கையைத் தூக்கினான். இரண்டு விரல்கள் போயின. ரமா என்று பெண்டாட்டி பெயரைச் சொன்னான். மூன்றாவது வெட்டில் பேச்சு நின்றது. நாலாவது தேவைப்படவில்லை, ஆனாலும் எந்த வேலையையும் அரைகுறையாக விடுவது எனக்குப் பழக்கமில்லை.

அவன்மேல் கோபம் கிடையாது. குழி தோண்டும்போது அழுதேன். ரமாவோடு சேர்ந்து இரண்டு நாள் அவனைத் தேடவும் செய்தேன். நாய்கள் தோண்டிய பிறகுதான் நீங்கள் வந்தீர்கள்.

ஒரே ஒரு வேண்டுகோள். இருபதாம் தேதிக்குள் அடுத்த வருஷ மானியத்துக்கு எழுதிப் போட வேண்டும். விலங்கோடு கூட்டிப் போனாலும் சரி, புதிதாக நோய் கண்ட மரங்களை எண்ணிவிட்டு வந்துவிடுகிறேன். அந்த மலைமேல் அக்கறை உள்ளவன் இப்போது நான் ஒருவன்தான்.