சோதனைக்குப் போன அப்பா படம்

"சோதனை பண்றதுக்கு எங்கப்பா போட்டோதான் கெடைச்சுதுங்களா?"

மங்கலம் போகும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இருந்த பெண் தன் கணவனிடம் இப்படிக் கேட்டாள். மடியில், ஸ்டுடியோவில் பெரிதாகப் போட்டு வாங்கிய படம். அதில் ஒரு பெரியவரின் முகம் உருகின மெழுகு மாதிரி இருந்தது.

"கம்ப்யூட்டர்ல எடமே இல்ல சுமதி. போட்டோவைச் சுருக்கி வெக்கறதுக்குப் புதுசா ஒரு ஃபார்மேட் வந்திருக்குது, அதுக்கு மாத்தினா துளியூண்டு எடந்தான் புடிக்கும். திரையில பாத்தப்ப அப்படியேதான் இருந்துச்சு."

"பெருசு பண்ணிப் பாத்தீங்களா?"

"இல்ல."

"பழசு?"

"அழிச்சுட்டேன்."

"மீசை எங்கீங்க? எடத்தை அடைக்குதுன்னு அதையும் எடுத்துட்டீங்களா?"

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"மத்த போட்டோவுல எல்லாம் கூட்டத்துல ஓரமா நிக்கறாருங்க. மொகம் தெரிய உக்காந்தது இது ஒண்ணுதான். நாளைக்குக் காரியத்துல எந்தப் படத்துக்குங்க மாலை போடறது?"

அவன் மேல் எனக்கே எரிச்சலாக வந்தது.

"சரி, உங்கம்மா போட்டோவையும் மாத்திட்டீங்களா?"

"அது வந்து, இது நல்லா வருதான்னு பாத்துட்டு, அப்பறமா மாத்தலாம்னு இருந்தேன்."

அவள் படத்தை மடியில் கவிழ்த்து வைத்தாள்.

"நாளைக்கு எங்கண்ணன், சொந்தபந்தம் அத்தன பேரும் வருவாங்க. நான் வாயே தெறக்க மாட்டேனுங்க. நீங்களே எந்திரிச்சு, என்ன பண்ணுனீங்கன்னு எல்லாரு முன்னாலயும் சொல்லோணும். உங்கம்மா போட்டோவை ஏன் தொடலைன்னும் சேத்துச் சொல்லோணும்."