சலவைக்கூடத்து வாசலில் பத்து மணி

ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்பை ஒருவர் தனியாக மடிக்க முடியாது. மடித்தாலும் மூலைகள் ஒன்று சேராது. நானும் தையல்காரியும் ஒன்பது வருடம் எதிரெதிரே நின்று மடித்திருக்கிறோம். நான் சலவைக்கூடத்து மேற்பார்வையாளர், எங்கள் தொழிலாளர் சங்கத்தின் செயலாளர். அவள் கிழிந்த விரிப்புகளைத் தைப்பவள். என்னை அக்கா என்பாள்; அவள் மகளுக்கு நான் பெரியம்மா. வக்கீல் தம்பி, இந்த உறவைச் சரியாக எழுதிக்கொள்ளுங்கள்.

அவள் வெளிநாட்டுக்காரி. கணவனோடு வந்தவள். அவன் விட்டுப் போனதும், அவன் பெயரில் இருந்த தங்கும் அனுமதியும் போயிற்று. இது எனக்கு மட்டுமே தெரியும். ஒரு நாள் மடித்துக்கொண்டிருக்கும்போது, விரிப்பை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

அனுமதி இல்லாதவர்களை, யாரும் புகார் கொடுக்காவிட்டாலும் தேடிப் பிடித்து நாடு கடத்தச் சட்டம் வரப்போகிறது என்று பேச்சு அடிபட்ட வருடம் அது. சங்கம் எதிர்த்தது. மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள ஞாயிறு காலைகளில் வீடு வீடாகப் போனோம். ஆளுக்கு ஒரு அட்டை, மேலே பெயர், கீழே ஒரே கேள்வி: அனுப்ப வேண்டுமா, வேண்டாமா. அந்தக் கேள்வியை எழுதியவள் நான்.

பெரும்பாலோர் அனுப்ப வேண்டும் என்றார்கள். யாரும் முரட்டுத்தனமாகப் பேசவில்லை. ஓய்வு பெற்ற டீச்சர் ஒருவர் நாற்காலி போட்டு, குடிக்கத் தண்ணீர் கொடுத்து, "சட்டம்னு ஒண்ணு இருக்கில்லம்மா" என்றார். எங்கள் கூடத்தில் இஸ்திரி இயந்திரம் ஓட்டும் மீசைக்காரரும் அதையேதான் சொன்னார்.

"எழுதிக்கோங்கக்கா, அனுப்பணும். என் தம்பி ரெண்டு வருஷமா வேலையில்லாம உக்காந்திருக்கான்."

"நம்ம தையல்காரியும் வெளிநாட்டுக்காரிதானே?"

"அந்தப் பொண்ண யாரு சொன்னா? நான் பொதுவா சொல்றேன்."

இந்தப் 'பொதுவா' என்ற சொல்லை நான் வாசல் வாசலாகக் கேட்டேன். எங்கள் துண்டறிக்கைகளும் பொதுவாகத்தான் இருந்தன. தெரிந்த முகம் ஒன்றை, பட்டப்பகலில், கண்ணெதிரே இழுத்துப் போனால்தான் இவர்களுக்கு உறைக்கும் என்று அப்போது புரிந்தது. இதைக் கண்டுபிடிக்கப் பெரிய அறிவு வேண்டியதில்லை.

வேறு ஆள் கிடைக்கவில்லையா என்று கேட்பீர்கள். யோசித்தேன். சமையற்கூடத்தில் பாத்திரம் தேய்ப்பவர்களில் அனுமதி இல்லாதவர்கள் இருவர் இருந்தார்கள். ஒருவன் குடிப்பான்; இன்னொருவன் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசமாட்டான். அவர்களுக்காக ஊர் மனம் இளகாது. இவளோ, கூடத்தில் யார் வீட்டுக் குழந்தைக்குச் சட்டைப் பொத்தான் அறுந்தாலும் தன் சாப்பாட்டு நேரத்தில் தைத்துக் கொடுப்பவள். அவளைத் தேர்ந்தெடுத்தது அவள்மேல் எனக்கிருந்த மதிப்பினால்தான்.

புதன்கிழமை, புறநோயாளிகள் பகுதியில் இருந்த பொதுத் தொலைபேசியிலிருந்து குடியேற்ற அலுவலகத்துக்குப் பேசினேன். மறுநாள் காலை பத்து மணிக்கு வந்தால் பிடிக்கலாம், மற்ற நேரத்தில் அகப்படமாட்டாள் என்றேன். பத்து மணிக்குத்தான் ஒரு ஷிப்ட் முடிந்து இன்னொன்று தொடங்கும். முற்றத்தில் நூறு பேராவது நிற்பார்கள். சங்கத்துத் தோழர் ஒருவரைக் கேமராவுடன் வரச் சொன்னேன், துண்டறிக்கைக்குப் படம் வேண்டும் என்று. அவளிடமும், "நாளைக்குப் புதுச் சீருடை போட்டுட்டு வா, படம் எடுக்கறாங்க" என்றேன். அவள் தலையை நன்றாக வாரிக்கொண்டு வந்திருந்தாள்.

ஐந்து நிமிடம் தாமதமாக வந்தார்கள். இரண்டு ஆண்கள், ஒரு பெண். ஓடினால் குற்றவாளி மாதிரித் தெரியும், எப்போது வந்தாலும் ஓடாதே என்று அவளுக்கு முன்பே சொல்லி வைத்திருந்தேன். அவள் ஓடவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்து, "அக்கா, பாப்பாவ மூணரைக்கு ஸ்கூல்லருந்து கூட்டிட்டு வரணும்" என்றாள். தலையாட்டினேன். கையிலிருந்த விரிப்போடு நான் முற்றம் வரை போனேனாம். அதை மறுபடி வெளுக்கப் போட வேண்டியதாயிற்று.

மீசைக்காரர் செய்ததை நான் எதிர்பார்க்கவில்லை. ஓடிப்போய் வேனின் கதவைப் பிடித்துக்கொண்டார். "விட்டுருங்க சார், எதுன்னாலும் பேசிக்கலாம், விட்டுருங்க சார்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். கதவை அடைத்தபோது அவர் விரல் இரண்டு முறிந்தது. பத்திரிகையில் வந்தது அந்தப் படம்தான்.

மூன்று வாரம் கழித்து அதே வாசல்களுக்குப் போனோம். அனுப்ப வேண்டாம் என்றவர்கள் இரண்டு மடங்குக்கு மேல். நாற்காலி போட்ட டீச்சர் கேட்டருகே நின்று அழுதபடியே வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டார். சட்டம் தள்ளிப்போயிற்று. எத்தனையோ குடும்பங்கள் இன்று வீட்டில் நிம்மதியாக இருக்கின்றன. அதையும் எழுதுங்கள். அதற்குள் தையல்காரியை விமானத்தில் ஏற்றிவிட்டிருந்தார்கள்.

காட்டிக்கொடுத்தது யார் என்ற பேச்சு எழுந்தது. நான் யார் பெயரையும் சொல்லவில்லை. அட்டைகள் இருந்த என் மேசை இழுப்பறையைப் பூட்டாமல் வைத்தேன், அவ்வளவுதான். மீசைக்காரரின் அட்டை ஒரே நாளில் கூடம் முழுக்கத் தெரிந்துவிட்டது. அவரோடு உட்கார்ந்து சாப்பிட ஆளில்லை. கட்டுப்போட்ட கையோடு என்னிடம் வந்தார்.

"நீங்களாவது சொல்லுங்கக்கா, நான் அப்படிப்பட்டவனா?"

"கொஞ்ச நாள் போனா எல்லாம் அடங்கிடும்" என்றேன்.

அடுத்த மாதம் அவர் வேலையை விட்டுப் போய்விட்டார். அதிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. யாரும் கூப்பிடாமல் நானே இங்கே வந்ததற்கு அவர்தான் காரணம்.

பாப்பா என்னோடுதான் இருக்கிறாள். எட்டு வயது. காலையில் நான்தான் பின்னல் போட்டு விடுகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் அம்மா பேசுவாள். ஒவ்வொரு முறையும், "நீங்க இருக்கற தைரியத்துலதான் நான் உயிரோட இருக்கேன்க்கா" என்பாள். நான் உடனே போனைக் குழந்தையிடம் கொடுத்துவிட்டு, கழுவிக் கவிழ்த்த பாத்திரங்களை எடுத்து மறுபடி கழுவுவேன்.

கடைசியாகச் சங்கத் தேர்தலைப் பற்றிக் கேட்டீர்கள். ஆமாம், அந்த வாரம்தான். பன்னிரண்டு வருடமாகச் செயலாளர் பதவிக்கு என்னை எதிர்த்து யாரும் நின்றதில்லை; அந்த முறை கூடமே சேர்ந்து தையல்காரியை நிற்கச் சொன்னது. என்னிடம் வந்து, "நிக்கட்டுமாக்கா? நீங்க வேணாம்னா வேணாம்" என்றாள். நில் என்று சொன்னதும், அவள் மனுவில் முன்மொழிந்து கையெழுத்திட்டதும் நான்தான். எனவே அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. புதன்கிழமை போனை எடுத்தபோது, வெள்ளிக்கிழமை தேர்தல் என்பதே என் நினைவில் இல்லை. யார் யார் அவளுக்கு ஓட்டுப் போடுவார்கள் என்று செவ்வாய்க்கிழமையே விசாரித்து முடித்திருந்தேன்.