பிள்ளையார் இறங்கிய வாகனம்

டவுணில் பஸ் ஏறிய மளிகைக்கடைக்காரர் மடியில் எலிப்பொறி. உள்ளே எலி உயிரோடு இருந்தது. பக்கத்தில் இருந்த விவசாயி விசாரித்தார்.

"எங்க அண்ணாச்சி கொண்டு போறீய?"

"பிள்ளையார் வாகனம்லா வே. கொன்னா பாவம். ஆத்தோரம் வயல்ல விட்டுருவேன்."

"அது எங்க வயலு. துறைமுகத்து மூட்டையில உங்க கடைக்கு வந்து, நீங்க கொண்டாந்து விட்ட எலியோட உண்ணியெல்லாம் இப்பம் எங்க வயல் எலி மேல ஊருது. களையெடுக்க வந்த பொம்பளையாளுவ சொறியுதாவ."

"உங்க வயல் எலி மட்டும் சுத்தமாக்கும்?"

"அது வயித்துல புழு இருக்கு. அதை உங்க எலி வாங்கிக்கிடும். பிள்ளையார் இறங்கி ரொம்ப நாளாச்சு அண்ணாச்சி, இப்பம் இது உண்ணிக்குத்தான் வாகனம்."

கடைக்காரர் பொறியை மடியிலிருந்து பைய இறக்கிக் காலடியில் வைத்தார்.

விவசாயி சொன்னார், "எனக்கும் பிள்ளையார் சாமிதான். அறுப்பு முடியட்டும். வயல்ல பிடிக்கதை எல்லாம் உசிரோட கொண்டாந்து உங்க கடையில விடுதேன்."